மலைக்குளிரில் வளர்ப்புப் பாம்பு: ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கான சூட்டு ஏற்பாடு

ஊட்டியில் பாம்பு வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது உறைபனியைப் பற்றித்தான். தலைகுந்தாவிலும் தாவரவியல் பூங்காப் புல்வெளியிலும் புல் வெளுத்துக் கிடக்கும் காலையில் வெளியே வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆனால் அதே நேரத்தில் வீட்டுக்குள் 10, 12 டிகிரி இருக்கும். பாம்பைக் கெடுப்பது அந்த ஓர் இரவு அல்ல. அறைக்குள் மாதக்கணக்கில் 14-க்கும் 18-க்கும் நடுவே நிற்கிற ஈரக்குளிர்தான் கெடுக்கிறது. அந்த வெப்பத்தில் பாம்புக்கு இரை செரிக்காது. நிம்மதியாகக் குளிர் உறக்கத்துக்கும் போகாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து, நுரையீரலில் சளி கட்டும்.

இன்னொன்று. ஊட்டியில் ஜனவரிப் பகல் 20 டிகிரியைத் தொடும். ஜூலைப் பகல் 17-ஐ ஒட்டியே நிற்கும். இரவுக்குத் தையும் பகலுக்கு ஆடியும்தான் மோசமான மாதங்கள். ஐப்பசியில் எடுத்து மாசியில் பரணில் ஏற்றிவிடும் பொருளாக ஹீட்டரை நினைத்தால் அந்த ஏற்பாடு பாதி ஆண்டுக்குத்தான் உதவும். சூட்டை ஓர் அளவில் நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டோடு ஆண்டு முழுவதும் நிற்கப்போகும் பெட்டியாகவே திட்டமிடுங்கள்.

எந்தப் பாம்பு, எவ்வளவு சூடு

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். நாகம், சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தோட்டத்தில் குளிரில் விறைத்துக் கிடக்கும் பாம்பைக் கண்டால் வனத்துறையைக் கூப்பிடுங்கள், பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். இங்கே பேசுவது வெளிநாட்டு இனங்களான பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்நேக் (corn snake) இரண்டைப் பற்றி மட்டுமே. பால் பைத்தான், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனம். 2024-இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவர் ரசீது தர மறுத்தால் அந்தப் பாம்பு வேண்டாம்.

பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிக்குரியது. பெட்டியின் சூட்டுப் பக்கம் 30 முதல் 32 டிகிரி, குளிர்ப் பக்கம் 25 அல்லது 26, இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே போகக் கூடாது. கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்தது, கொஞ்சம் தாங்கும். அதற்குச் சூட்டுப் பக்கம் 28 முதல் 30, குளிர்ப் பக்கம் 22 முதல் 24, இரவில் 20 வரை இறங்கினால் பரவாயில்லை. மலையில் முதல் பாம்பு வாங்குகிறவருக்குக் கார்ன் ஸ்நேக்தான் எங்கள் பரிந்துரை. இரவில் நான்கு டிகிரி வித்தியாசம் என்பது மின்கட்டணத்திலும் மின்தடை இரவின் பதற்றத்திலும் பெரிய வித்தியாசம்.

“மலையில்தான் எத்தனையோ பாம்பு தானாக வாழ்கிறதே” என்று யாராவது சொல்வார்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரத்தில் வாழும் கேடயவால் பாம்புகள் மண்ணுக்குள் இருந்தே குளிரைச் சமாளிக்கும்படி அமைந்தவை. பால் பைத்தானுக்கு அந்த வழி கிடையாது.

பெட்டி

ஹீட்டர் வாங்கும் முன் பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வாட் மேல் வாட் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த பால் பைத்தானுக்கு இது சரியான அளவு. அறை 10 டிகிரி, பெட்டியின் சராசரி 26 டிகிரி என்றால், ஆறு பக்கமும் கண்ணாடியான தொட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய 220 வாட். மேலே வலை மூடி என்றால் இன்னும் அதிகம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்தால் 160 வாட். அதே பிளைவுட் பெட்டிக்கு வெளியே ஐந்து பக்கமும் 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் ஒட்டினால் 90 வாட்டுக்கு இறங்கிவிடும். இரவில் முன்கண்ணாடி மேல் கனமான கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் குறையும்.

தெர்மாகோலை உள்ளே ஒட்டாதீர்கள். பாம்பு உரசி உதிர்க்கும், ஈரமும் அழுக்கும் இடுக்கில் சேரும். வெளியே ஒட்டி, எலி கடிக்காமலிருக்க அதன் மேல் மெல்லிய பிளைவுட் அடியுங்கள். ஹீட்டர் தொங்கும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் ஓரடிச் சதுரம் தெர்மாகோல் இல்லாமல் விட வேண்டும். அது 100 டிகிரிக்கு முன்னாலேயே இளகத் தொடங்கும் பொருள். அதே இடத்தில் பெட்டியின் உட்கூரையில் அலுமினியத் தகடு ஒன்றைச் சிறிய இடைவெளி விட்டுத் திருகுங்கள்.

காற்றுக்கு இரண்டு துளை வரிசை போதும். குளிர்ப் பக்கத்தில் தரையை ஒட்டி ஒன்று, சூட்டுப் பக்கத்தில் மேலே ஒன்று, ஒவ்வொன்றும் ஆறங்குல நீளம், ஓரங்குல உயரம், உள்ளே கம்பி வலை. குளிருக்குப் பயந்து இவற்றையும் அடைப்பவர்கள் உண்டு. அடைத்த பெட்டியில் கண்ணாடியில் நீர் கோத்து, அடித்தளம் நனைந்து, பூஞ்சை பிடிக்கும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். வீட்டின் உட்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பலகை மேல் வையுங்கள். மலைவீட்டுச் சிமென்ட் தரைதான் அறையிலேயே குளிர்ந்த இடம். தகரக் கூரைக்கு அடியில் பலகைத் தட்டு இல்லாத அறை என்றால் வேறு அறை பாருங்கள். ஜன்னல் வெயிலும் ஆகாது: மலை வெயில் காற்றைச் சூடாக்காவிட்டாலும் கண்ணாடிக்குள் புகுந்தால் சீக்கிரமே 40 டிகிரியைத் தாண்டவைக்கும்.

எதைக் கொண்டு சூடேற்றுவது

ஹீட் மேட் எனும் சூட்டுப் பாய் மலிவு, எளிது, சமவெளியில் போதும். மலையில் அது மட்டும் போதாது. மேட் தரையைச் சூடாக்கும், காற்றைத் தொடாது. பாம்பு 32 டிகிரித் தரையில் படுத்துக்கொண்டு 14 டிகிரிக் காற்றை மூச்சிழுக்கும். சளி பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. குட்டிப் பாம்பை வைக்கும் சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மேட் வைத்து, அந்த டப்பாவையே சூடேற்றிய பெரிய பெட்டிக்குள் வைப்பது நல்ல ஏற்பாடு.

நான்கடிப் பெட்டிக்கு, பல்ப் போல ஹோல்டரில் மாட்டும் 100 வாட் சிராமிக் ஹீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒளி தராது, இரவு பகல் இரண்டுக்கும் ஆகும். கொடைக்கானலில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம், அல்லது ஊட்டியில் பள்ளத்தாக்கில் வீடு என்றால் 150 வாட். சிவப்பு பல்ப் வேண்டாம். அந்த வெளிச்சத்தையும் பாம்பு பார்க்கும், இரவு கெடும். சூடேறும் பிளாஸ்டிக் பாறை என்று விற்பதைத் தொடவே வேண்டாம், வயிற்றுச் செதில் வெந்துபோகும்.

அறையையே சூடேற்றலாமா என்றால், ஆயில் ஹீட்டர் பாதுகாப்பானதுதான், ஆனால் 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். 100 வாட் சிராமிக் ஹீட்டர் நாளில் அறுபது சதவீத நேரம் எரிந்தால் 1.4 யூனிட், இரண்டு மாதப் பில்லில் ஏறக்குறைய 86 யூனிட். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது கூடவே கூடாது. அந்தப் புகையில் மூச்சடைத்து மலையில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். பாம்புக்கும் அது ஆகாது.

பொருத்தும் வரிசை

1. சிராமிக் ஹீட்டருக்குப் பீங்கான் ஹோல்டர் மட்டுமே. சாதாரண பிளாஸ்டிக், பேக்லைட் ஹோல்டர் சில வாரத்தில் கருகி உதிரும். வெப்பம் தாங்கும் சிலிக்கான் ஒயரை ஹோல்டரிலிருந்து பெட்டிக்கு வெளியே வரை இழுங்கள், இணைப்பு வெளியே இருக்கட்டும்.

2. ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. கம்பிகளின் இடைவெளி பாம்பின் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இந்தக் கூண்டு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். குளிர்கிற பாம்பு ஹீட்டரைச் சுற்றிக்கொள்ளும், தோல் வேகும்போதும் விடாது. கூண்டுக்கும் பாம்பு ஏறக்கூடிய உயரமான இடத்துக்கும் நடுவே குறைந்தது 20 சென்டிமீட்டர் இருக்கட்டும்.

3. தெர்மோஸ்டாட் சென்சாரைச் சூட்டுப் பக்கத்தில், ஹீட்டருக்குக் கீழே, தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் சுவரோடு கிளிப் வைத்துத் திருகுங்கள். டேப் ஒட்டக் கூடாது. பெட்டிக்குள் எந்த டேப்பும் ஒருநாள் பாம்பின் மேல் ஒட்டி, பிரிக்கும்போது செதிலோடு வரும். சென்சார் கழன்று குளிர்ப் பக்கம் விழுந்தால் தெர்மோஸ்டாட் நிறுத்தாமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும். சூட்டு விபத்துகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது.

4. பால் பைத்தானுக்கு 31, கார்ன் ஸ்நேக்குக்கு 29 என்று வையுங்கள். ஆன்-ஆஃப் வகைத் தெர்மோஸ்டாட்டில் வித்தியாச அளவு என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை 1 டிகிரிக்கு வையுங்கள். 3 என்று இருந்தால் பெட்டி 28-க்கும் 31-க்கும் இடையே ஊசலாடும்; 0.3 என்று வைத்தால் உள்ளே ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே நிமிடத்துக்கு ஒருமுறை தட்டித் தட்டிச் சீக்கிரம் தேயும்.

5. தேய்ந்த ரிலே சிலசமயம் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டாவதாக ஒரு மலிவான தெர்மோஸ்டாட்டை அதே மின்வழியில் தொடர்ச்சியாக இணைத்து 35 டிகிரியில் வையுங்கள். முதலாவது கைவிட்டால் இது வெட்டிவிடும். சில நூறு ரூபாய்ச் செலவு. இதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

6. சூட்டுப் பக்கம் ஒரு பதுங்குபெட்டி, குளிர்ப் பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி, பாம்பு சுருண்டால் சுவர் உடம்பில் படும் அளவு. குளிர்ப் பக்கத்தில் மட்டும் பதுங்கிடம் இருந்தால் பாம்பு சூட்டை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கும்.

7. தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் இரு முனையிலும் தனித்தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். ஒட்டும் வட்ட முள் மீட்டர்கள் காசுக்குக் கேடு. பாம்பில்லாமல் நான்கைந்து இரவு ஓட்டுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து குளிர்ப் பக்கத்தின் எண்ணைப் பாருங்கள். நாளின் தாழ்ந்த எண் அங்கேதான் கிடைக்கும். அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரி.

பனிமூட்டத்திலும் வறண்டுபோகும் பெட்டி

வெளியே மூட்டம் ஜன்னலைத் தொட்டு நிற்கும்போது பெட்டி வறண்டிருக்கும் என்றால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். 10 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 28 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு விழுந்துவிடும். காற்றிலுள்ள நீரின் அளவு மாறுவதில்லை. சூடான காற்று கொள்ளும் அளவுதான் கூடிவிடுகிறது. பால் பைத்தானுக்கு 55 முதல் 70 வேண்டும், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60. வறண்டால் சட்டை துண்டு துண்டாக உரியும். கண்மேல் உள்ள செதில் ஒட்டியே நிற்கும்.

இதற்குத் தண்ணீரைத் தெளித்து நனைப்பது தவறான மருந்து. குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் வயிற்றுச் செதில் அழுகும். அடித்தளமாக மூன்றங்குலம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றி அடியில் மட்டும் ஈரம் நிற்கவிடுங்கள். மேற்பரப்பு தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெட்டியின் நடுவுக்கு நகர்த்துங்கள். சட்டை உரிக்கப்போகும் நாட்களில், அதாவது கண் பால்போல மங்கியதும், ஈரப்பாசி நிரப்பிய மூடியுள்ள டப்பா ஒன்றில் துளை போட்டுச் சூட்டுப் பக்கத்தில் வையுங்கள். பாசியைக் கடையில் வாங்குங்கள், சோலையிலிருந்து பிய்த்து வராதீர்கள்.

மலையில் மரத்தூளும் மரச்சீவலும் சுலபமாகக் கிடைக்கும். பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ் மூன்றுமே வேண்டாம்; அவற்றின் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். தைலக் குப்பியை அந்த அறையில் திறக்கவும் வேண்டாம்.

மின்தடையும் தாழ்மின்னழுத்தமும்

வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரம் திரும்ப ஒரு பகல் ஓர் இரவு ஆகலாம். அதைவிட அடிக்கடி வருவது, கண்ணுக்குத் தெரியாத தாழ்மின்னழுத்தம். மாலையில் ஊரே கீசரைப் போடும் நேரத்தில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால் 100 வாட் ஹீட்டர் தருவது 68 வாட்தான், ஏனெனில் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. தெர்மோஸ்டாட் ஆன் ஆகியே கிடக்கும், எண் மட்டும் ஏறாது. ஹீட்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்குமுன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கணக்குக்கு மேல் கொஞ்சம் பெரிய ஹீட்டர் வாங்கச் சொல்வதும் இதனால்தான்.

வீட்டில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால், 100 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் ஓட்டினால் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும். சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை நிறுத்தும் மங்கலாக்கும் வகைத் தெர்மோஸ்டாட்டுகள் மற்ற வகை இன்வெர்ட்டரின் சதுர அலையில் குழம்பும்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும், மீன்கடையில் கிடைப்பது போதும். பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டி உள்ளே வையுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலில் 45 டிகிரி வெந்நீர், கை பொறுக்கும் சூடு, துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி ஓர் ஓரத்தில். பாம்பு பாட்டிலை விட்டு விலகிப் படுக்க இடம் வேண்டும். பக்கவாட்டில் நான்கைந்து பென்சில் துளை. உள்ளே தெர்மாமீட்டர் கம்பியை விட்டு 24-க்கும் 29-க்கும் நடுவே நிறுத்துங்கள். மூன்று, நான்கு மணிக்கொருமுறை தண்ணீரை மாற்ற வேண்டிவரும். கேஸ் அடுப்பு இருக்கும்வரை இது நடக்கும்.

நன்றாகக் குளிர்ந்துவிட்ட பாம்பை அவசரமாகச் சூடாக்காதீர்கள். வெந்நீரில் இறக்குவது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் ஆபத்து. 15 டிகிரியிலிருந்து 26-க்கு வர இரண்டு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.

குளிர்மாதத்து இரை

சூடு இல்லாமல் இரை செரிக்காது. சூட்டுப் பக்கம் 28-ஐத் தொடாத வாரத்தில் இரை கொடுக்காதீர்கள். வயிற்றிலேயே அழுகி மூன்று நான்கு நாளில் கக்கும். கக்கினால் இரண்டு வாரம் வயிற்றைக் காயவிட்டு, பிறகு வழக்கத்தில் பாதி அளவு எலி. புயல், கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளிலும் இரையைத் தள்ளிப்போடுங்கள். வெறும் வயிற்றோடு ஒரு குளிர் இரவைப் பாம்பு தாங்கும். நிறைந்த வயிற்றோடு தாங்காது.

உறைந்த எலியை முதல்நாள் இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, கொடுக்கும் முன் பிளாஸ்டிக் பையில் போட்டு 40 டிகிரி நீரில் அரைமணி நேரம். வெளியே எடுத்ததும் மலைக்காற்றில் சட்டென ஆறிவிடும். பால் பைத்தான் சூட்டை உணர்ந்துதான் கவ்வும். அது குளிர்மாதங்களில் சில வாரம் இரையைத் தொடாமல் இருப்பது இயல்பு. சமையலறைத் தராசில் இரண்டு வாரத்துக்கொருமுறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் கவலை.

கார்ன் ஸ்நேக்கை வேண்டுமென்றே குளிரவைத்து உறங்கவிடலாமா என்று கேட்பார்கள். இனப்பெருக்கம் செய்கிறவர்கள் வயிறு முற்றிலும் காலியான, நோயில்லாத வளர்ந்த பாம்பை 10 முதல் 14 டிகிரியில் நிலையாக வைத்து அதைச் செய்கிறார்கள். புதியவருக்கு அது தேவையே இல்லை.

எப்போது மருத்துவர்

பாம்பு நாள் முழுக்க ஹீட்டருக்கு அடியிலேயே கிடந்தால் பெட்டி போதிய சூடில்லை. எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தால் சூடு அதிகம், அல்லது உண்ணி. இவற்றை நீங்களே சரிசெய்யலாம். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூச்சில் கீச்சுச் சத்தம், வாயோரம் நுரை, தலையை மேல்நோக்கித் தூக்கியபடியே இருப்பது இவையெல்லாம் நுரையீரல் தொற்றின் அடையாளம். சூட்டை மட்டும் கூட்டி ஆறவைக்க முடியாது, நுண்ணுயிர்க்கொல்லி ஊசி தேவைப்படும். வயிற்றுச் செதில் சிவந்து கொப்பளித்தால் அது தீப்புண்: சுத்தமான நீரில் கழுவி, அடித்தளத்தை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரியுங்கள். மஞ்சள், எண்ணெய், பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

பாம்பைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் மலையில் அரிது, ஆகவே நோய் வருமுன்பே தேடி எண்ணைக் குறித்து வையுங்கள். நீலகிரிக்காரர்கள் கோவையிலும், பழனி மலைக்காரர்கள் மதுரையிலும் விசாரிக்கலாம். ஊர்வன பார்ப்பார்களா என்று தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். மலையிறங்கும்போது அதே தெர்மாகோல் பெட்டிதான் வாகனம். குன்னூர் தாண்டி மேட்டுப்பாளையம் வருவதற்குள், அல்லது வத்தலக்குண்டு சேர்வதற்குள், வெளிவெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறிவிடும். வெந்நீர் பாட்டிலைப் பாதி வழியில் எடுத்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தின் வெப்ப எண்கள், ஈரப்பத எண்கள், கடைசியாக இரை கொடுத்த தேதி, எடை இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்கு வேலை பாதியாகும்.